டவுனுக்கு வந்தால் குணமாகிற கெப்

கியர் பொக்ஸ் பார்க்கிறவனுடைய தொழிலில் பாதி, கழற்றுவது. மீதிப் பாதி, கழற்றத் தேவையே இல்லாததைக் கழற்றச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைச் சமாளிப்பது. பதுளையிலிருந்து ஹாலிஎல போகிற வழியில் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. தானாகவே கியர் மாற்றிக்கொள்கிற ஓட்டோ கியர் வாகனங்கள் மட்டும்தான் பார்ப்பேன். ஒரு ஸ்கேனர், ஒரு ஜாக்கி, நிறைய அறிவுரை சொல்லும் அக்கம்பக்கத்தார், இவ்வளவுதான் என் முதல்.

ஓட்டோ கியர் வண்டி வாங்கி, இந்த ஊவா மலை வளைவுகளில் ஓட்டி, அது ஒருநாள் பாதி ஏற்றத்தில் பிடிவாதமாக ஒரே கியரில் நின்றுவிட்ட அனுபவம் உள்ள சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்.

வெளியே பார்த்தால் தெரியும்

முதலில் கதாநாயகனை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வேக சென்சர் என்பது கட்டைவிரல் அளவு சாமான். கியர் பொக்ஸின் வால்பக்கத்தில் ஒற்றை போல்ட்டில் பூட்டியிருக்கும். உள்ளே சுழலும் பல்சக்கரத்தின் பற்களைக் காந்தத்தால் எண்ணி, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று கியர் பொக்ஸின் கம்பியூட்டருக்குச் சொல்வதுதான் அதன் முழு உத்தியோகம். அது எண்ணத் தவறினால் கம்பியூட்டர் பயந்துபோய், மேலே கீழே மாற்றாமல் ஒரே கியரில் வண்டியைப் பூட்டிவிடும். மீட்டர் முள் பூஜ்யத்தில் விழும். இந்தச் சின்ன விஷயத்துக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கியர் பொக்ஸ் போச்சு.’

ஹாலிஎலவிலிருந்து ஒரு டீச்சர் சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கியர் மாறும்போது முதுகில் யாரோ குத்துகிற மாதிரி இருக்கிறதாம். மீட்டர் முள் ஓடுகிறதா என்று கேட்டேன். அது இரண்டு மாதமாகப் படுத்தேதான் கிடக்கிறது என்றார், ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளி தூங்குவதைச் சொல்வது போல. இரண்டு மாதமாக ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

“மீட்டரப் பத்தி நான் கேக்கல. எவ்வளவு ஸ்பீடா போறேன்னு வெளிய பாத்தா எனக்கே தெரியும். நீங்க கியர மட்டும் பாத்துக் குடுங்க.”

கடிதத்தோடு வந்த கெப்

பிறகுதான், பின்னால் திறந்த சாமான் தட்டு வைத்த அந்த டபுள் கெப் வந்தது. லுணுகலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வண்டி. ஓட்டி வந்தவர் மகேந்திரன். நாற்பது வயதிருக்கும், பதினாறு வருடமாக அந்தத் தோட்டத்துச் சாரதி. இறங்கியவுடன் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு கடிதத்தை நீட்டினார். தோட்டத்து ஒபிசில் பெரிய கிளாக்கர் டைப் செய்து, பெரிய துரை கையெழுத்து வைத்தது. தோட்டத்து நிர்வாகியை இந்தக் காலத்திலும் பெரிய துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. கடிதத்தில் இருந்தது இதுதான்: ‘சாரதியின் கவனயீனத்தால் கியர் பொக்ஸ் பழுதடைந்துள்ளது. பரிசோதித்து உறுதிப்படுத்தவும்.’ தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு விசாரணைக்கு அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு வசதி!

ஸ்கேனரை வண்டியில் பூட்டினேன். பி-0722 என்று ஒரு கோட் வந்தது. வேக சென்சரிலிருந்து செய்தி வரவில்லை என்று அர்த்தம். சரி என்று சொப்பிங் பேக்கும் கையுமாக ரோட்டைக் கடக்கிற சனங்களுக்கு நடுவே பதுளை டவுனை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வண்டி வெண்ணெய் போலப் போனது. ஏற்றத்தில் போனேன், இறக்கத்தில் வந்தேன், ஒரு குலுக்கல் இல்லை. தோட்டத்தில் தினமும் மக்கர் பண்ணுகிற வண்டி, டவுனைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிட்டது. “புதுசா ஏதாச்சும் பூட்டினீங்களா? லைட்டு, ஹோர்னு, ஏதாச்சும்?” என்று கேட்டேன். மகேந்திரன் கொஞ்சம் அவசரமாகவே “இல்லீங்க” என்றார்.

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கியர் பொக்ஸைக் கெடுத்தது அவர்தான் என்று முடிவானால் வேலை போகும். வேலையோடு பெக்டரிக்குப் பின்னால் உள்ள சாரதி வீடும் போகும். மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மூத்த மகள் ஏ.எல். பரீட்சை எழுதப் போகிறாள். நாலு பேரும் திரும்பவும் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு லயத்துக் காம்பரா ஒன்றில், அந்த ஒற்றை அறைக்குள், நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும். வண்டியில் ஒன்றும் பிழை தெரியவில்லையே என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். மனிதர் இன்னும் பயந்துபோனார்.

“நல்லாருக்குன்னு மட்டும் எழுதிறாதீங்க பாஸ். வண்டி நல்லாருக்குன்னா அப்பறம் நான்தான் மோசம்னு ஆயிரும்.”

பாவித்த ஒரிஜினல்

கோட் சென்சரைக் காட்டுகிறது, சென்சரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். இருபது வருட அனுபவம் உள்ளவன் இப்படித்தான் நினைப்பான். புதிதாக வந்தவனாக இருந்தால் இரண்டு கேள்வி கூடக் கேட்டிருப்பான். பதுளை டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். அவரிடம் இல்லாத சாமான் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

முக்கால் மணி நேரம் பெட்டிகளைக் கிளறி, ஒரு சென்சரை எடுத்துத் தன் சாரத்தில் துடைத்து மேசையில் வைத்தார். பழசாகத் தெரிந்தது. மூக்கில் வேறு வண்டியின் ஒயில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒரிஜினல்தானா என்று கேட்டேன். அது அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவரைப் பார்த்து இப்படிக் கேட்கிறாயே என்கிற மாதிரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒரிஜினல்தான் தம்பி. ஒருத்தன் ஜப்பான்ல பாவிச்சுப் பாத்து நல்லதுன்னு சொன்ன ஒரிஜினல். புதுசுக்கு அந்த உத்தரவாதம் இல்லையே!”

படம் பிடித்த துரை

சென்சரை மாற்றினேன், வண்டி போனது. ஆறாம் நாள் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது, கியர் லைட் மின்னுகிறது, பின்னணியில் துரையின் பெருமூச்சு. மறுநாள் இன்னொரு வீடியோ. அடுத்த நாள் இரண்டு. இவ்வளவு அக்கறையாகப் படம் பிடிக்கிறவர் கொஞ்சம் கீழேயும் குனிந்து பார்த்திருக்கலாம். ஆனால் துரைமார் குனிகிற வழக்கம் இல்லை.

மகேந்திரன் திரும்பவும் கெப்பைக் கொண்டுவந்தார். இந்த முறை பெட்டி பிரிக்காத புத்தம்புதுச் சென்சர் போட்டேன். வயர்களை ஒவ்வொன்றாக கரண்ட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கீழே படுத்துக் கியர் பொக்ஸைத் தாங்குகிற இரும்புப் பட்டையைக்கூடப் பார்த்தேன். சேறு அப்பிக் கிடந்த அந்தப் பட்டையில் வட்டமாக ஒரே ஒரு இடம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பார்த்துவிட்டு என்ன செய்தேன்? எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

வண்டி டவுனில் மறுபடியும் வெண்ணெய். தோட்டத்துக்குப் போய் மூன்றே நாளில் மறுபடியும் வீடியோ. இப்போது மாட்டிக்கொண்டது நான் மட்டும் என்றால் பரவாயில்லை. நான் தப்பாக மாற்றிய ஒவ்வொரு சென்சரும் மகேந்திரனுக்கு எதிராக ஒரு சாட்சியாகிக்கொண்டிருந்தது. துரை போனில் பேசினார். குரலில் கோபமே இல்லை. கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது. மாத முடிவில் மகேந்திரனை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டு, காரணத்தையும் விளக்கினார்.

“ரெண்டு சென்சர் மாத்தியாச்சு, ரெண்டும் கெட்டுப் போச்சு. அப்ப கெட்டது சென்சர் இல்ல பாஸ், டிரைவர்.”

குளித்துவிட்டு வந்த வேன்

நடுவில் கொஸ்லந்தவிலிருந்து ஒருவர் வேன் கொண்டுவந்தார். கியர் பொக்ஸில் ஒயில் குறைகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை என்றார். கீழே படுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு சுத்தத்தை நான் வண்டியின் அடியில் பார்த்ததே இல்லை. கியர் பொக்ஸ் கண்ணாடி போல மின்னுகிறது. ஒரு சொட்டு ஒயில் இல்லை, ஒரு கறை இல்லை. எதை வைத்து ஒழுக்கைக் கண்டுபிடிப்பது? விசாரித்தால், காலையில் ஆற்றில் இறக்கி, சவர்க்காரம் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கழுவியிருக்கிறார்.

திருடனைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பொலிஸ் வருவதற்குள் வீட்டைக் கூட்டிக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லலாம் என்று எழும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“உங்க முன்னாடி அழுக்காக் கொண்டாந்து நிப்பாட்ட வெக்கமா இருந்துச்சுங்க பாஸ்.”

சொல்லாமல் போன பயணம்

அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. வேன்காரர் என்னிடம் வருவதற்காக ஒயிலைக் கழுவினார். சரி, தோட்டத்து ஆட்கள் என்னிடம் வருவதற்காக எதைக் கழற்றுகிறார்கள்? வண்டி டவுனுக்கு வந்தால் குணமாகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டவுனுக்கு வரும்போது நோயையே வீட்டில் வைத்துவிட்டு வருகிறதோ என்று நான் ஒரு தரமாவது யோசிக்கவில்லை. எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. மாத முடிவுக்கு நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் விடிய மோட்டார் சைக்கிளில் ஸ்கேனரையும் டூல்ஸ் பெட்டியையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக எதையாவது சுத்தம் செய்து வைப்பார்கள். லுணுகலையைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைகளுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். துரையும் கிளாக்கர் ஐயாவும் ஒபிஸ் வாசலில் நின்றார்கள். கெப்பும் மகேந்திரனும் பக்கத்தில் நின்றார்கள். என்னைக் கண்டதும் மகேந்திரன் முகம் செத்துவிட்டது, ஏதோ நான் கையோடு அவருடைய வேலைநீக்கக் கடிதத்தைக் கொண்டுவந்த மாதிரி.

உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். மகேந்திரன் ஓட்ட, துரை முன்னால் உட்கார, நான் பின்னால் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டேன். தோட்டத்து ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரோடு என்று அதைச் சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதை. மூன்றாவது வளைவில் ஒரு குழி. தொம் என்று விழுந்தோம். ஸ்கேனரில் வேகம் பூஜ்யமானது, கியர் லைட் மின்னியது, வண்டி ஒரே கியரில் முக்கத் தொடங்கியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். துரை திரும்பி, “பாத்தீங்களா இவன் ஓட்டுற லட்சணத்த?” என்றார்.

வண்டியை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்து, இந்த முறை துரையையே ஓட்டச் சொன்னேன். பெருமையோடு உட்கார்ந்தார். மகேந்திரன் பின்னால் வந்து என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த குழியிலேயே அதே பூஜ்யம், அதே லைட், அதே முக்கல். இனியாவது மனிதர் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். துரை ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இவன் கெடுத்து வச்ச வண்டிய நான் ஓட்டுனா வேற எப்புடி ஓடும்?”

டொபி டின்

துரை ஒபிசுக்கு நடந்தே இறங்கிப் போய்விட்டார். நானும் மகேந்திரனும் மட்டும் நின்றோம். ரோட்டோரச் சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். இரண்டு அட்டைகள் உடனடியாக என் கழுத்தில் வேலை தொடங்கின. டோர்ச் அடித்தேன். அந்த இரும்புப் பட்டையில், நான் முன்பு சுத்தமான வட்டத்தைப் பார்த்த அதே இடத்தில், ஒரு டொபி டின், மிட்டாய் வருகிற தகர டப்பா, ஒட்டிக்கொண்டிருந்தது. சென்சருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது பிய்த்துக்கொண்டு வந்து என் நெஞ்சில் விழுந்தது. டின்னுக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டியிருந்தது ஒரு வளையக் காந்தம், பெரிய லவுட்ஸ்பீக்கருக்குள் இருக்குமே, அது. டின்னுக்குள் பொலித்தீனில் சுற்றிய வண்டிச் சாவி.

காந்தத்தை வைத்துப் பல் எண்ணிப் பிழைக்கிற சென்சரின் மூக்குக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய காந்தத்தை வைத்தால் அது என்ன செய்யும், பாவம். குழியில் விழும்போதெல்லாம் டின் ஆடி இன்னும் கிட்டப் போகும். சென்சர் எண்ணிக்கையை விட்டுவிடும். வண்டி ஓடும்போதே நின்றுவிட்டதாகக் கம்பியூட்டர் நம்பும். எங்களை ஆள்மாற்றி ஆள் பழி போட வைத்த பேய் இதுதான்.

டின்னைத் தூக்கிக் காட்டினேன். மகேந்திரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் துரை, மலை உச்சியில் சாவியை வண்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, மழையில் பங்களா வரை நடந்து வந்திருக்கிறார். அடுத்த நாளே, மற்றச் சாவியை வண்டிக்கு அடியில் ஒளித்து வைக்க உத்தரவு. கோயிலில் செத்துக் கிடந்த லவுட்ஸ்பீக்கரிலிருந்து காந்தம், பங்களாவிலிருந்து டொபி டின், இடத்தைத் தெரிவு செய்ததும் துரையேதான். யாருக்கும் சொல்லக் கூடாது. முக்கியமாக, வண்டி டவுன் கராஜுக்குப் போகும்போதெல்லாம் டின்னைக் கழற்றிக் கிளாக்கர் ஐயா கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கராஜ்காரன் கையில் சாவி கிடைத்தால் அச்செடுத்துவிடுவானாம். ஆக, நான் சாவியைத் திருடிவிடுவேன் என்று பயந்து, ஒவ்வொரு தரமும் பழுதையே கழற்றி மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிட்டு வண்டியை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் காந்தத்தைக் கொண்டுபோய்த் துரையின் மேசையில் டங்கென்று வைத்து, கிளாக்கர் ஐயா முன்னாலேயே நாலு கேள்வி கேட்கிறேன் என்று நடக்கத் தொடங்கினேன். மகேந்திரன் ஓடிவந்து முன்னால் நின்றுகொண்டார். பதினாறு வருடத்தில் யார் வழியையும் மறித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

“தொரையோட பிழைன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுங்க பாஸ், நல்லாத்தான் இருக்கும். சொல்லிட்டு நீங்க பதுளைக்குப் போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?”

ரிப்போர்ட்

சகபாவிகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு சென்சரை ஆராயாமல் மாற்றி அந்த மனிதனை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன் நான். அதற்குப் பிராயச்சித்தமாக இப்போது ஒரு வீரவசனம் பேசி, மிச்சத்தையும் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திரும்பவும் வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒரு குறையும் இல்லாத அந்தப் புதுச் சென்சரைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, அதே இடத்தில் அப்படியே பூட்டினேன். டொபி டின்னை என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டேன். மகேந்திரன் அதே ரோட்டில் அதே குழிகளில் மூன்று தரம் ஏற்றி இறக்கினார். ஒரு குலுக்கல் இல்லை. மூன்றாவது தரம் இறங்கி வரும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். மழையில் நனைந்த ரோட்டில் தூசி ஏது?

ஒபிசுக்குப் போய்த் துரையிடம், சென்சரில் ஒரு மோசமான கோளாறு இருந்தது, தோட்டத்து ரோட்டில்தான் வெளியே வரும், டவுனில் பிடிபடாது, இப்போது சரி என்றேன். பாதி உண்மைதானே. அடுத்தது டின். அடியில் படுத்தபோது கண்ணில் பட்டது என்று சொல்லி, சாவியோடு அவர் மேசையில் மெதுவாக வைத்தேன். ‘சாவிக்கு நீங்க செஞ்ச ஏற்பாடு ரொம்ப நல்ல ஏற்பாடு சேர்’ என்று தொடங்கினேன். துரையின் முகம் மலர்ந்தது. ‘ஆனா அந்த இடத்துல கியர் பொக்ஸ் சூடு. சாவிக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்கு, பொசுங்கிரும். பின் பம்பருக்கு உள்பக்கம் வச்சா இன்னும் பாதுகாப்பு.’ தன்னுடைய கண்டுபிடிப்பை ஒரு மெக்கானிக் இவ்வளவு மதித்துப் பேசியது அவருக்குப் பிடித்துவிட்டது. உடனே கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டு, இனிப் பின் பம்பர் என்று உத்தரவிட்டார்.

பிறகு கிளாக்கர் ஐயாவின் மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். ‘வேக சென்சரில் கோளாறு. சரிசெய்யப்பட்டது. கியர் பொக்ஸுக்குப் பாதிப்பு இல்லை. சாரதியின் பிழை எதுவும் இல்லை.’ சென்சரைச் சும்மா சும்மா குற்றம் சொல்லாதீர்கள் என்று இந்த மாகாணம் முழுவதும் கத்திக்கொண்டு திரிகிறவன், கை கூசாமல் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கடைசி வசனத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். துரை வாங்கி நிதானமாகப் படித்தார். கிளாக்கர் ஐயாவையும் மகேந்திரனையும் என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று மாதமாக எங்கள் யாருக்குமே விளங்காததை இப்போது விளக்கப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

“நான் மொதல்லயே சொன்னேன்ல, இது சென்சர் வேலதான்னு? மகேந்திரன் கையில போயி கியர் பொக்ஸ் கெடுமா?”

மகேந்திரன் “ஆமாங்க தொரை” என்றார். மோட்டார் சைக்கிள் வரை என்னோடு நடந்து வந்தார். நன்றி என்று ஏதாவது சொல்லி என்னைச் சங்கடப்படுத்துவாரோ என்று பயந்தேன். அவருக்கு அதைவிட அவசரமான விஷயம் இருந்தது.

“அந்த ரிப்போர்ட்ட இன்னொரு கொப்பி கையெழுத்துப் போட்டுத் தாங்க பாஸ். ஒபிஸ்ல ஒண்ணு இருக்கட்டும், ஊட்டுல ஒண்ணு இருக்கட்டும்.”

ஆகவே சகபாவிகளே, பெரிய இடத்துப் பிழையை யாராவது ஒருவர் சுமந்துதான் தீர வேண்டும் என்றால், பெண்டாட்டி பிள்ளை இல்லாத, வீட்டை விட்டு எழுப்ப முடியாத ஒரு சென்சர் சுமந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரே ரிப்பேர்.